வயலின் யாருடையது? – பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவின் கதை

ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது கல்யாண வரவேற்பு மேடையும் கோயில் திருவிழாவும்தான். கீபோர்டு, தபேலா, டிரம்ஸ், இரண்டு பாடகர்கள், நள்ளிரவு வரை சினிமாப் பாட்டு. ஆனால் அமெரிக்காவில் ஒரு உயர்நிலைப் பள்ளி மாணவன் "மூன்றாவது பீரியட் எனக்கு ஆர்க்கெஸ்ட்ரா" என்று சொன்னால் அது முற்றிலும் வேறு விஷயம். கணக்கு, வேதியியல் போல அதுவும் ஒரு பாடம். டைம்டேபிளில் அதற்கு இடம் உண்டு. தனி ஆசிரியர் உண்டு. வருகைப் பதிவு உண்டு. வருடக் கடைசியில் மதிப்பெண்ணும் உண்டு!

பள்ளி முடிந்தபின் நடக்கும் பாட்டு கிளாஸ் இல்லை இது, பள்ளி நேரத்திலேயே நடக்கும் வகுப்பு. வயலின் வாசிப்பது எப்போது, எப்படி ஒரு "பாடம்" ஆனது? அதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதை முழுக்க ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளையின் கையில் இருக்கும் வயலின் யாருடையது? அதற்குக் காசு கொடுத்தது யார்?

வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது?

முதலில் அந்த வகுப்பு எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். பெரிய அறை ஒன்று. நாற்காலிகள் அரைவட்டமாகப் போடப்பட்டிருக்கும். ஆசிரியரின் இடது கைப் பக்கம் முதல் வயலின்கள், அடுத்து இரண்டாம் வயலின்கள், பிறகு வயலினை விடச் சற்றுப் பெரிய வயோலா, முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிக்கும் செல்லோ, நின்றுகொண்டு வாசிக்கும் ஆளுயர டபுள் பேஸ். முழு ஆர்க்கெஸ்ட்ரா என்றால் பின்னால் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், டிரம்பெட், தாள வாத்தியங்கள். தந்தி வாத்தியங்களில் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட், அதில் ஒரு இசைத்தாள். ஒருவர் நிறுத்திப் பக்கத்தைத் திருப்ப, மற்றவர் விடாமல் வாசித்துக்கொண்டிருப்பார்.

முதல் சில நிமிடங்கள் சுருதி சேர்ப்பதில் போகும். பிறகு ஸ்கேல் பயிற்சி. அதன்பின் அடுத்த கச்சேரிக்கான உருப்படி. ஆசிரியர் நடுவில் நிறுத்தி, "வயோலா மட்டும், 32ஆம் வரியிலிருந்து" என்பார். அந்த நேரத்தில் மற்ற எல்லோரும் சும்மா இருந்து கேட்க வேண்டும். சொல்லப்போனால் இந்த வகுப்பில் பிள்ளைகள் கற்கும் மிகக் கடினமான பாடமே இதுதான். தன் முறை வரும்வரை எண்ணிக்கொண்டு காத்திருப்பது, பக்கத்தில் இருப்பவனை விட சத்தமாக வாசிக்காமல் இருப்பது.

இதெல்லாம் இன்று சாதாரணமாகத் தெரியலாம். 19ஆம் நூற்றாண்டில் இதை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் வீணை, வயலின் போலவே ஐரோப்பிய வாத்தியங்களையும் ஒரு குரு, ஒரு சீடன் என்றுதான் கற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு ஆசிரியரை வரவழைக்க வசதி இருப்பவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் இசை நுழைந்தது 1838ல். பாஸ்டன் நகரப் பள்ளிகளில் லோவல் மேசன் என்பவரின் முயற்சியால் இசை பாடத்திட்டத்தில் சேர்ந்தது. ஆனால் அது வாய்ப்பாட்டு மட்டும். காரணம் சுலபமானது. குரலுக்குக் காசு வேண்டாம், வாத்தியத்துக்கு வேண்டும்.

இங்கிலாந்தில் தவணை முறை வயலின்

இந்தக் காசுப் பிரச்சினைக்கு முதல் வழி அமெரிக்காவில் கிடைக்கவில்லை, இங்கிலாந்தில் கிடைத்தது. கென்ட் மாகாணத்தில் மெய்ட்ஸ்டோன் என்ற ஊரில் 1897ல் ஒரு பள்ளியில் வயலின் வகுப்பு தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தது அரசாங்கம் அல்ல, மர்டாக் என்ற லண்டன் வாத்திய வியாபார நிறுவனம். வயலின், வில், பெட்டி எல்லாவற்றையும் நிறுவனம் கொடுக்கும். பிள்ளைகள் வாராவாரம் சில பென்னி கட்டிக் கடனை அடைக்க வேண்டும். ஒரே ஆசிரியர் ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் சொல்லிக் கொடுப்பார்.

வியாபார தந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதன் விளைவு யாரும் எதிர்பாராதது. 1909 வாக்கில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் சுமார் 4 லட்சம் பிள்ளைகள் இப்படி வயலின் கற்றதாக மதிப்பிடப்படுகிறது. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து வயலின் வாசித்தார்கள். முதல் உலகப் போர் வந்ததும் இந்த இயக்கம் மங்கிப் போனது. அதற்குள் அது கடல் தாண்டிவிட்டது. பாஸ்டன் பள்ளிகளின் இசை மேற்பார்வையாளர்களில் ஒருவரான ஆல்பர்ட் மிட்செல் 1910ல் இங்கிலாந்து போய் இந்த வகுப்புகளை நேரில் பார்த்தார். திரும்பி வந்து பாஸ்டனில் அதேபோல வயலின் வகுப்புகளைத் தொடங்கினார். பிறகு அதற்கென ஒரு பாடப்புத்தகமும் எழுதினார்.

ரிச்மண்ட் என்ற சின்ன ஊர்

வகுப்பில் வயலின் கற்பது ஒன்று, முழு ஆர்க்கெஸ்ட்ரா அமைப்பது இன்னொன்று. இதற்கு வழிகாட்டிய ஊர் நியூயார்க்கோ சிகாகோவோ இல்லை. இண்டியானா மாநிலத்தில் இருக்கும் ரிச்மண்ட். அப்போது இருபதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஸ்டார் பியானோ கம்பெனி இருந்த ஊர் என்பதால் இசைக்குக் கொஞ்சம் பழக்கப்பட்டது. (இதே கம்பெனியின் கெனட் ரெக்கார்டு நிறுவனத்தில்தான் 1923ல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் முதன்முதலாகப் பதிவானது.)

1890களின் கடைசியில் வில் எர்ஹார்ட் என்ற இசை ஆசிரியர் இங்கே பள்ளி ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றை ஆரம்பித்தார். ஆரம்பத்தில் வயலின், கார்னெட் என்று வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்தவர்கள்தான். அங்கேதான் சிக்கல். வீட்டில் வயலின் இருக்கலாம், பாஸூன் இருக்குமா? ஆளுயர டபுள் பேஸை எந்த அப்பா வாங்கித் தருவார்? இவை இல்லாமல் ஆர்க்கெஸ்ட்ரா முழுமை பெறாது. விலை அதிகமான, பெரிய, எவரும் சொந்தமாக வாங்காத வாத்தியங்களைப் பள்ளியே வாங்கி மாணவர்களுக்கு இரவல் தரும் வழக்கம் இந்த ஆண்டுகளில்தான் வேர்விட்டது. 1912 வாக்கில் ரிச்மண்ட் பள்ளியில் ஒரு சிம்பொனிக்குத் தேவையான எல்லா வாத்தியங்களும் இருந்தன. அதே காலத்தில் நாட்டின் பல பள்ளிகளில் ஆர்க்கெஸ்ட்ரா, பள்ளி முடிந்தபின் நடக்கும் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து மதிப்பெண் உள்ள பாடமாக மெல்ல மாறியது.

இந்த மாற்றம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் மாலை நேரத்தில் பேப்பர் போடவோ கடையில் வேலை செய்யவோ போகும் பையனால் நாலு மணி ஒத்திகைக்கு வர முடியாது. மூன்றாவது பீரியடுக்கு வர முடியும்!

ஜோசப் மேடியின் பிடிவாதம்

கதையின் அடுத்த நாயகன் ஜோசப் மேடி. 1891ல் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே மினியாபொலிஸ் சிம்பொனியில் வயோலா வாசித்தவர். 1918ல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரப் பள்ளிகளில் வாத்திய இசை மேற்பார்வையாளர் ஆனார். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு வாத்தியங்கள் வாங்கிக் கொடுத்தவர் வேறு யாருமில்லை, கோடாக் கேமரா புகழ் ஜார்ஜ் ஈஸ்ட்மன். ஈஸ்ட்மன் பெயரில் அதே ஊரில் 1921ல் ஒரு இசைக் கல்லூரியும் உருவானது. (இந்தக் கல்லூரி கதையில் மறுபடி வரும்.)

பின்னர் ரிச்மண்டுக்குப் போன மேடிக்கு ஒரு நடைமுறைக் கஷ்டம். வயலினுக்கு ஒரு வகுப்பு, டிரம்பெட்டுக்கு ஒரு வகுப்பு என்று தனித்தனியாக நடத்த எந்தப் பள்ளியிலும் ஆசிரியர்கள் இல்லை. எல்லா வாத்தியங்களையும் ஒரே அறையில், ஒரே ஆசிரியர், ஒரே நேரத்தில் எப்படிக் கற்பிப்பது? நண்பர் கிடிங்ஸுடன் சேர்ந்து 1923ல் அதற்காகவே ஒரு பாடப்புத்தகம் கொண்டுவந்தார். அதில் வறட்டுப் பயிற்சிகளுக்குப் பதிலாக, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாடத் தெரிந்த எளிய மெட்டுகள் இருந்தன. தெரிந்த பாட்டை முதலில் பாடு, பிறகு வாத்தியத்தில் தேடிக் கண்டுபிடி. ஸ்வரம் தவறினால் ஆசிரியர் சொல்லத் தேவையில்லை, காதே சொல்லிவிடும்.

1926ல் டெட்ராய்ட் நகரில் இசை மேற்பார்வையாளர்களின் தேசிய மாநாடு. மேடி நாடு முழுவதிலுமிருந்து இருநூற்றுக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வரவழைத்து, சில நாள் ஒத்திகைக்குப் பின் மேடையேற்றினார். இசை ஆசிரியர்களே அசந்துபோனார்கள். ஆனால் பள்ளியில் பணம் ஒதுக்குவது இசை ஆசிரியர்கள் இல்லையே! அதனால் அடுத்த வருடம், 1927ல், டல்லஸ் நகரில் நடந்த பள்ளிக் கண்காணிப்பாளர்கள் மாநாட்டுக்கு இன்னொரு மாணவர் ஆர்க்கெஸ்ட்ராவைக் கூட்டிப் போனார். பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுபவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டு முடித்தபின் மற்ற அடிப்படைப் பாடங்களுக்கு இணையான ஆதரவை இசைக்கும் தர வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானம் போட்டது. பள்ளி இசை வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை.

இரண்டு ஏரிகளுக்கு நடுவே

டல்லஸில் கிடைத்த வேகத்தில் மேடி 1928ல் மிச்சிகன் மாநிலத்தில் இன்டர்லோக்கன் என்ற இடத்தில் மாணவர்களுக்கான கோடைக்கால ஆர்க்கெஸ்ட்ரா முகாமைத் தொடங்கினார். இரண்டு ஏரிகளுக்கு நடுவே பைன் மரக்காடு. முதல் வருடம் 115 மாணவர்கள். எல்லோருக்கும் ஒரே சீருடை. பணக்கார வீட்டுப் பிள்ளை, ஏழை வீட்டுப் பிள்ளை என்ற வித்தியாசம் உடையில் தெரியக்கூடாது என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் முகாமுக்குக் கட்டணம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உடையில் வித்தியாசம் இல்லை, நாற்காலியில் உண்டு. முதல் நாற்காலியில் உட்காருபவர் அந்தப் பிரிவின் தலைவர். இன்டர்லோக்கனில் பல ஆண்டுகள் வாராவாரம் 'சவால்' நடந்தது. பின் நாற்காலிக்காரர் முன் நாற்காலிக்காரரைச் சவாலுக்கு அழைக்கலாம். இருவரும் அதே பகுதியை வாசிக்க, யார் சிறப்பாக வாசித்தார் என்று கூட வாசிக்கும் மாணவர்களே ஓட்டுப் போடுவார்கள். தோற்றவர் எல்லோர் முன்னாலும் எழுந்து இடம் மாற வேண்டும். இது திறமையை வளர்த்தது என்பவர்களும் உண்டு, பிள்ளைகளின் மனதை நோகடித்தது என்பவர்களும் உண்டு. அந்த வழக்கம் பின்னாளில் கைவிடப்பட்டது.

வெளியிலிருந்தும் ஒரு சவால் வந்தது. இன்டர்லோக்கன் மாணவர்களின் கச்சேரிகள் என்.பி.சி. வானொலியில் நாடு முழுவதும் ஒலிபரப்பாகி வந்தன. 1942ல் இசைக்கலைஞர்கள் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ அதை நிறுத்த வைத்தார். சம்பளம் வாங்காத மாணவர்கள் வானொலியில் வாசித்தால், வாசித்துப் பிழைக்கும் கலைஞனின் வேலை போய்விடும் என்பது அவர் வாதம். இன்று பெட்ரில்லோவை வில்லனாகச் சொல்வது சுலபம். ஆனால் பேசும் படம் வந்ததும் தியேட்டரில் வாசித்த ஆயிரக்கணக்கான கலைஞர்கள் தெருவுக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அந்தப் பயம் பொய்யில்லை. மேடி விடாமல் போராடினார். 1946ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒலிபரப்பு நிறுவனங்களைச் சங்கம் இப்படி நெருக்குவதைத் தடுக்க லீ சட்டத்தைக் கொண்டுவந்தது. மாணவர் இசையும் ஊர் மதிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்பதற்கு இந்தச் சண்டையே சாட்சி. யாரும் கேட்காத இசையை எவனாவது தடை செய்வானா?

பள்ளியின் டபுள் பேஸ்

பள்ளி வாத்தியம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். ரான் கார்ட்டர். 1937ல் மிச்சிகனில் பிறந்த கறுப்பினச் சிறுவன். பத்து வயதில் செல்லோ கற்கத் தொடங்கி, டெட்ராய்டின் காஸ் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பொதுப் பள்ளிதான், ஆனால் இசைக்குப் பேர்போன பள்ளி. அங்கே அவர் ஒன்றைக் கவனித்தார். பள்ளி விழாக்களில் வாசிக்க வெள்ளைக்கார மாணவர்களுக்குத்தான் அழைப்பு போகிறது. அவர்களை விடத் தான் நன்றாக வாசித்தாலும் செல்லோவுக்கு வேறு ஆள் கிடைத்துவிடுகிறது.

1954ல் பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்த ஒரே டபுள் பேஸ் மாணவர் படிப்பு முடித்து வெளியேறும் நேரம் வந்தது. கார்ட்டர் ஒரு கணக்குப் போட்டார். பேஸ் வாசிக்க வேறு யாருமே இல்லையென்றால் தன்னைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? செல்லோவை விட்டு பேஸுக்கு மாறினார். ஒரு பதினேழு வயதுப் பையன் இனவெறியை எதிர்த்து எடுத்த முடிவு இது, கோஷம் எதுவும் இல்லாமல்.

அங்கிருந்து ராச்செஸ்டரில் அதே ஈஸ்ட்மன் இசைக் கல்லூரி. அங்கே வந்த புகழ்பெற்ற நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி இவர் வாசிப்பைப் பாராட்டினார். ஆனால் தன்னுடைய ஹூஸ்டன் சிம்பொனி ஒரு கறுப்பினக் கலைஞரை ஏற்கத் தயாராக இல்லை என்றும் சொன்னார். கதவு அங்கே மூடியது. கார்ட்டர் ஜாஸ் பக்கம் திரும்பினார். 1963 முதல் மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்து உலகப் புகழ் பெற்றார். 2015ல், ஜாஸ் வரலாற்றிலேயே அதிகப் பதிவுகளில் (2,221) பேஸ் வாசித்தவர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார். சிம்பொனி உலகம் இழந்தது, ஜாஸ் உலகம் பெற்றது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பொதுப் பள்ளியின் ஆர்க்கெஸ்ட்ரா வகுப்பு.

1978: ஒரு ஓட்டு, பல வயலின்கள்

இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிய இடம் நிலைத்ததா? அமெரிக்கப் பள்ளிகளின் வருமானத்தில் பெரும்பங்கு அந்தந்த ஊர் சொத்து வரியிலிருந்து வந்தது. 1978ல் கலிஃபோர்னியா மக்கள் 'புரொபொசிஷன் 13' என்ற தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். சொத்து வரி மதிப்பீட்டில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் சாரம். வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பள்ளிகளின் வருமானம் சரிந்தது. கணக்கு ஆசிரியரை நீக்க முடியாது, அதனால் முதலில் போனவர்களில் இசை ஆசிரியர்களும் இருந்தார்கள். 1927ல் "அடிப்படைப் பாடங்களுக்கு இணை" என்று தீர்மானம் போட்டது சரி, பணம் குறைந்ததும் எது அடிப்படை, எது ஆடம்பரம் என்று தெரிந்துவிட்டது.

வசதியான பகுதிகளில் பெற்றோர்கள் நிதி திரட்டி வகுப்பைக் காப்பாற்றினார்கள். ஏழைப் பகுதிகளில் அந்த வழியும் இல்லை. அதாவது வயலின் மறுபடி வீட்டுச் சொத்தாக ஆகிவிட்டது, 19ஆம் நூற்றாண்டு போல.

நியூயார்க்கிலும் இதே கதை. ரொபெர்டா குவாஸ்பாரி என்ற ஆசிரியை 1980ல் தான் சொந்தமாக வாங்கி வைத்திருந்த 50 வயலின்களோடு கிழக்கு ஹார்லெம் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு ஆரம்பித்தார். சேர விரும்பியவர்கள் அதிகமானதால் குலுக்கல் முறையில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 'திறமை' பார்த்து இல்லை, குலுக்கல்! 1991ல் பட்ஜெட் வெட்டில் அவர் வேலை போனது. பெற்றோரும் நண்பர்களும் சேர்ந்து பணம் திரட்டினார்கள். 1993ல் கார்னகி ஹாலில் ஐசக் ஸ்டெர்ன், இட்சாக் பெர்ல்மன் போன்ற மேதைகள் அந்தப் பிள்ளைகளோடு ஒரே மேடையில் வாசித்து நிதி சேர்த்தார்கள். 1999ல் மெரில் ஸ்ட்ரீப் நடித்து இது சினிமாவாகவும் வந்தது. நெகிழ வைக்கும் கதைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு பள்ளி வகுப்பு நடக்க கார்னகி ஹால் தேவைப்படுகிறது என்றால் அது வெற்றியா, தோல்வியா? வேலை போன எல்லா இசை ஆசிரியர்களுக்கும் பெர்ல்மன் வர முடியாதே.

மறுபடியும் ஓட்டு

சட்டப்படி பார்த்தால் நிலைமை பிறகு கொஞ்சம் மாறியது. 2015ல் வந்த கல்விச் சட்டம், முழுமையான கல்வியின் அங்கங்களில் ஒன்றாக இசையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2022 நவம்பரில், 1978ல் வரியைக் குறைக்க ஓட்டுப் போட்ட அதே கலிஃபோர்னியா, 'புரொபொசிஷன் 28'க்கு ஓட்டுப் போட்டது. பள்ளிகளில் இசைக்கும் கலைக்கும் ஆண்டுதோறும் தனி நிதி, அதில் 30 சதவீதம் ஏழை மாணவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பிரிக்கப்படும். 44 வருடம் கழித்து ஒரு திருத்தம். இடையில் பள்ளியை முடித்துப் போன பிள்ளைகளுக்கு அது பயன்படாது.

மெய்ட்ஸ்டோனில் வியாபாரியின் வயலின், ராச்செஸ்டரில் கோடீஸ்வரரின் கொடை, ஹார்லெமில் ஆசிரியையின் சொந்தக் காசு. இந்த மூன்று வழியிலும் பிள்ளைகள் கற்றார்கள் என்பது உண்மை. ஆனால் வியாபாரி கடையை மூடலாம், கோடீஸ்வரர் மனம் மாறலாம், ஆசிரியைக்கு வேலை போகலாம். பள்ளியே வாங்கி வைத்து, வருடா வருடம் கை மாறிக்கொண்டே வரும் வாத்தியம்தான் யார் தயவும் இல்லாமல் அடுத்த பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. ரான் கார்ட்டருக்குக் கிடைத்தது அப்படி ஒரு பொதுப் பள்ளி வகுப்புதான்.

அடுத்த முறை ஹாலிவுட் படத்தில் தோளில் வயலின் பெட்டியை மாட்டிக்கொண்டு மஞ்சள் பஸ் ஏறும் ஒரு பிள்ளையைப் பார்த்தால், அந்தப் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் பள்ளியின் பெயரும் ஒரு எண்ணும் ஒட்டியிருந்தால், இவ்வளவு கதையும் அந்த ஒரு சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது.